வாவிக்கரையில் எது நிலைக்கும்? பூச்சுகளும் ரெசினும் சேர்மானங்களும்

மட்டக்களப்பு வாவியின் மண்டூர்த் துறையில் இரும்பும் இழையும் பிளாஸ்டிக்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே நெடுங்காலமாக ஆட்களை ஏற்றி இறக்கும் ‘பாதை’ என்ற மிதவைப் படகின் தட்டு இரும்பு. அதற்கருகே கட்டிக் கிடக்கும் தோணிகளில் பல, கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்து வார்த்த பைபர் தோணிகள். கரையில் காயும் வலை நைலோன். ஊருக்குள் போனால் கூரையில் கறுத்த தண்ணீர்த் தாங்கி, மதிலில் எமல்சன், யன்னல் கம்பியில் எனாமல். இவற்றையெல்லாம் காப்பதும் காக்கத் தவறுவதும் ஒரே இரசாயனக் குடும்பம்தான்: சங்கிலி சங்கிலியாகக் கோத்த பெரிய மூலக்கூறுகளான பல்பகுதியங்களும், அவற்றோடு சிறு அளவில் கலக்கும் சேர்மானங்களும்.

ஒரே கடையில் வாங்கிய ஒரே நிறப் பெயின்ட் ஒரு வீட்டில் ஏழெட்டு வருடம் நிற்கிறது. வாவியைப் பார்த்த இன்னொரு வீட்டில் இரண்டாம் மாரிக்குள் சுருண்டு விழுகிறது. ஒரு பைபர் தோணி இருபது வருடம் உழைக்க, அதே அச்சில் வார்த்த இன்னொன்றில் மூன்றாம் வருடமே கொப்புளம் கிளம்புகிறது. காரணம் கேட்டால் “உப்புக் காத்து” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதிக் காரணம்தான். ரெசின், எபொக்சி, நைலோன் என்று பொருளின் பெயர் எதுவானாலும், அதன் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு வீதம் சேரும் சேர்மானமும் அதைச் சேர்த்த விதமும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பேணியும் வாளியும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டன. அவற்றுக்குள் இருப்பது பற்றிய அறிவு இன்னும் ஒழுங்காக வந்து சேரவில்லை.

முதலில் நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடு முகத்துவாரத்திலும் கல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு கலக்கிறது. மாரியில் ஆறுகளும் படுவான்கரை வயல்களின் வெள்ளமும் இறங்க உப்புக் குறைகிறது. கோடையில் மறுபடி உறைக்கிறது. கடலுக்கென்று செய்த பொருளும் ஆற்றுக்கென்று செய்த பொருளும் இங்கே முழுதாகப் பொருந்தாது. வருடத்துக்கு இருமுறை குணம் மாறும் நீர் இது. மேலே வருடம் முழுவதும் சுடும் வெயில்.

பழைய ஆட்களும் இந்தச் சிக்கலைச் சேர்மானத்தால்தான் எதிர்கொண்டார்கள். மரத் தோணியின் பொருத்துகளைப் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் வைத்து அடைத்தார்கள். பருத்தி வலையைக் கண்டல் பட்டைச் சாயத்தில் தோய்த்தார்கள். பட்டையிலுள்ள தனின் நூலை அழுகவிடாது. கோயில் கட்டியவர்கள் முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் ஊற்றிக் குழைத்தார்கள். குங்கிலியம் மரம் தரும் பிசின். அது எண்ணெயோடு சேர்ந்து இறுகுவது இன்றைய வார்னிஷின் வழிதான். தில்லை மண்டூர் என்று முருகனின் ஊருக்குப் பெயர் தந்த தில்லை மரத்தின் பாலைக் கண்ணில் படவிடக் கூடாதென்று குழந்தைகளுக்கும் தெரியும். மரங்கள் தங்கள் காயத்தை மூடத் தாமே பாலும் பிசினும் சுரக்கின்றன. மனிதன் அந்த வித்தையைக் கடன் வாங்கினான்.

அந்தப் பழைய அறிவு முற்றாக அற்றுப்போகவில்லை என்பதற்கு மரமுந்திரி நல்ல சாட்சி. முந்திரிக் கோதின் காரமான எண்ணெயைத் தோணிக்குப் பூசுவது இந்திய மேற்குக் கரையோரங்களின் பழைய வழக்கம். அதே எண்ணெயிலிருந்து எடுக்கும் கார்டனோலைக் கொண்டு இன்று எபொக்சிப் பூச்சுகளுக்கான இறுக்கிகளைத் தயாரிக்கிறார்கள். ஈரம் காயாத இரும்பிலும் இறுகக் கூடியவை என்பதால் கப்பல் கட்டுமிடங்களில் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்தில் முந்திரி விளைகிறது. கோதை எறிந்துவிடுகிறோம்.

இனிப் பைபர் தோணி. வாவியில் இரசாயனம் மனிதனின் கைக்கு மிக அருகே வரும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஓட்டை விழுந்த தோணியை மர நிழலில் கவிழ்த்துப் போட்டு ஒட்டும் வேலையைக் கிட்ட நின்று பாருங்கள். வாளியில் இருக்கும் ரெசின் இலேசான ஊதா நிறம் காட்டும். அது கோபால்ட் உப்புத் தரும் நிறம். வேலைக்காரர் ஹாட்னர் போத்தலின் மூடியால் அளந்து ஊற்றிக் கம்பால் கலக்குகிறார். ஊதா பச்சையாகிப் பழுப்பாகிறது. வாளியின் அடியில் கை வைத்தால் சூடு ஏறுவது தெரியும். கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் அது பாகுபோலத் திரண்டுவிடும். அதற்குள் கண்ணாடி இழைப் பாயை விரித்து, தூரிகையால் ஊற வைத்து, உருளையால் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும்.

ரெசின் என்பது ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்திருக்கும் பொலியெஸ்டர் சங்கிலிகள். ஹாட்னர் ஒரு பெரொக்சைட்டு. அது உடையும்போது பிறக்கும் துண்டுகள் ஸ்டைரீனைத் தட்டி எழுப்ப, ஸ்டைரீன் சங்கிலிக்குச் சங்கிலி பாலம் போடுகிறது. கோபால்ட் இல்லாவிட்டால் சாதாரண வெப்பத்தில் இது நடக்காது. ஹாட்னர் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வீதம் போதும். குறைந்தால் இறுகாமல் மென்மையாகவே கிடக்கும், வாரக்கணக்கில் மணக்கும், நீரைக் குடிக்கும். கூடினால் கொதித்துக் கருகி வெடிப்பு விடும். மூடியால் அளப்பவரின் கை ஒரு நாள் தவறினால் அந்தத் தோணியின் ஆயுளில் பாதி போய்விடும்.

உயிரும் போகலாம். கோபால்ட்டையும் பெரொக்சைட்டையும் ரெசினில் கலக்காமல் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பற்றி வெடிக்கும். பெரொக்சைட்டு கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடலாம். உடனே நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். ஸ்டைரீனை 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் சேர்த்தது. இந்த எச்சரிக்கைகள் பேணியின் பக்கத்தில் சின்ன எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவற்றைத் தமிழில் அச்சிடுவதற்கு எந்த விஞ்ஞானக் கண்டுபிடிப்பும் தேவையில்லை.

கொப்புளத்துக்கு வருவோம். தோணியின் வெளித்தோலான ஜெல்கோட் அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். நீர் மெல்ல அதனூடு ஊடுருவி, உள்ளே இறுகாமல் எஞ்சிய பொருள்களைக் கரைக்கிறது. உள்ளே செறிந்த கரைசல், வெளியே ஐதான நீர்: சவ்வூடு பரவலால் மேலும் நீர் உள்ளே இழுபட, தோல் புடைக்கிறது. இதில் நம் ஆட்கள் பலர் எதிர்பாராத ஓர் உண்மை உண்டு. கொப்புளத்துக்கு உப்பு நீரைவிட நல்ல நீர் மோசம். வெளி நீரில் உப்புக் குறையக் குறைய உள்ளிழுக்கும் விசை கூடும். மாரி வெள்ளத்தில் நிற்கும் மண்டூர்த் தோணிக்கு, கல்முனைக் கடலில் ஓடும் தோணியைவிட நல்ல ஜெல்கோட் தேவை. மலிவான ஒர்தோ ரெசினுக்குப் பதிலாக ஐசோ ரெசினை வெளிப் படைக்காவது பயன்படுத்துவதும், இழையைப் பிணைக்கும் பசை குறைவாக நீர் குடிக்கும் பாயைத் தெரிவதும் இதற்கு மருந்து. விலை வித்தியாசம் வெளிப் படைக்கு மட்டும் பெரிதல்ல. கேட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இலங்கையில் பைபர் தோணிக்கு அறுபது வருட வரலாறு இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர், படகும் வலையும் செய்து வடக்குக் கடற்றொழிலின் முகத்தையே மாற்றியது. போர் அந்தத் தொழிற்கூடத்தையும் விட்டுவைக்கவில்லை. பின்னர் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. அழிந்த படகுகளுக்கு ஈடாகத் தொண்டு நிறுவனங்கள் அவசர அவசரமாகப் பைபர் படகுகளைக் கொடுத்தன. அனுபவமில்லாத பல பட்டறைகள் முளைத்தன. தரக் குறைவான படகுகள் பற்றிய முறைப்பாடுகள் எழுந்தன. உலக உணவு விவசாய அமைப்பு படகு கட்டுவோருக்கு வழிகாட்டி வெளியிட வேண்டி வந்தது. நல்ல மனத்தோடு கொடுத்தவர்கள் ரெசினின் நூற்று வீதத்தைப் பார்க்கவில்லை. அந்தப் படகுகள் இப்போது முதுமையடைந்து கரைகளில் கிடக்கின்றன. இறுகிய ரெசினை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. எரித்தால் நச்சுப் புகை, புதைத்தால் உக்காது. கொடுத்தபோது படகுகளை எண்ணிய நாடு, அவை ஓய்ந்தபின் எங்கே போகும் என்று எண்ணவில்லை.

பாதையின் இரும்புக்கு வேறு கதை. பூச்சுகளுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 12944, உவர் நீரில் அமிழ்ந்த இரும்பைக் கடலில் அமிழ்ந்த இரும்போடு ஒரே வகுப்பில் வைக்கிறது. அந்த வகுப்புக்குத் தூரிகையால் பூசும் சாதாரண எனாமல் காணாது. மணல் பீச்சி வெள்ளை இரும்பு தெரியும்வரை துப்புரவாக்கி, எபொக்சியைத் தடிப்பாகப் பல படை ஏற்ற வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே நாகப்பொடி நிறைந்த அடிப்பூச்சு. அதன் மேல் எபொக்சி. எபொக்சி வெயிலில் மாவாக உதிரும் குணமுடையது என்பதால் அதற்கும் மேலே பொலியூரித்தேன். எந்தப் பூச்சானாலும் அடியில் உப்புத்தூள் கிடந்தால் அதுவே நீரை உறிஞ்சிக் கொப்புளமாக்கும். கறளைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டுப் பூசுவதுதான் பாதி வேலை. நம் ஊரில் பெயின்ட் பழுதென்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி இந்தக் கழுவாத உப்பின் பழுது என்பது என் கணிப்பு.

பாக்கு நீரிணைக்கு அக்கரையில் இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. அந்த நிலையம் மண்டபத்தில் கடற்காற்றிலும் கடல் நீரிலும் உலோகத் துண்டுகளையும் பூச்சுகளையும் வருடக்கணக்காக வைத்துச் சோதிக்கிறது. கொங்கிறீட்டுக்குள் போகும் கம்பிக்கு அரிப்புத் தடுப்பான் கலந்த சீமெந்துப் பூச்சு அங்கே பிறந்தது. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலம் ஒரு நூற்றாண்டு உப்போடு மல்லுக்கட்டியது; 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்துக்குப் பொலிசிலொக்சேன் என்ற பூச்சு கொடுத்திருக்கிறார்கள். சிலிக்கனும் ஒட்சிசனும் மாறிமாறிக் கோத்த முதுகெலும்புள்ள பல்பகுதியம் அது. வெயிலின் ஊதா கடந்த கதிர் காபன் சங்கிலியை அறுப்பதுபோல அதை எளிதில் அறுக்க முடியாது.

நம் பக்கத்தில் லேடி மானிங் பெயரால் 1924இல் எழுந்த கல்லடி இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது. அருகே 2013இல் புதிய பாலம் வந்தது. மண்முனையில் 2014இல் பாலம் வந்தது. எந்தப் பூச்சு எந்த வருடம் பூசப்பட்டது, எங்கே முதலில் கறள் கண்டது என்ற குறிப்பேடு பொதுமக்கள் பார்க்கக் கூடியதாக ஒன்று இருந்தால், இனி வரும் பாலங்களுக்கு அதைவிட நல்ல பாடநூல் வேண்டியதில்லை.

வீட்டுப் பெயின்ட் பேணிக்குள் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று ஈயம். மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் நிறத்துக்காக ஈயக் குரோமேட்டும், விரைவாகக் காய்வதற்காக ஈய உப்பும் சேர்ப்பது பழைய வழக்கம். குழந்தையின் மூளைக்கு ஈயத்தின் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை. இலங்கையில் 2013 ஜனவரி முதல் எனாமலுக்குப் பத்து இலட்சத்துக்கு 600 பங்கு, எமல்சனுக்கும் விளையாட்டுச் சாமான்களுக்கும் 90 பங்கு என்று எல்லை விதிக்கப்பட்டது. காய்வதற்குச் சிர்கோனியமும் மங்கனீசும் ஈயத்தின் வேலையைச் செய்யும். மாற்று இருக்கிறது, ஆகையால் சாக்குச் சொல்ல இடமில்லை. பழைய யன்னலையும் தொட்டிலையும் உப்புத்தாள் போட்டுக் காய்ந்தபடி தேய்க்கக் கூடாது. ஈரமாக்கித் தேய்க்க வேண்டும், குழந்தைகளை அப்புறப்படுத்த வேண்டும்.

இரண்டாவது வெண்மை. உலகத்துப் பெயின்டை வெள்ளையாக்குவது டைட்டேனியம் டையொக்சைட். அதன் மூலமான இல்மனைட் மணல் நம் கிழக்கின் புல்மோட்டையில் கருமையாய்க் கிடக்கிறது. அதை அரித்தெடுத்துக் கப்பலேற்றிவிட்டு, வெள்ளைப் பொடியைப் பேணியில் திருப்பி வாங்குகிறோம். அரபிக் கடல் பக்கத்தில் திருவாங்கூர் 1946இலேயே தன் மணலை வைத்து நிறப்பொடி ஆலைக்கு நிறுவனம் தொடங்கியது. ஆனால் பொடியிலும் இரண்டு இனம் உண்டு. அனற்றேஸ் இனம் வெயில் பட்டால் தன்னைச் சுற்றியுள்ள பிசினையே அரித்து மதிலை மாவாக்கும். வெளிச் சுவருக்கு ரூற்றைல் வேண்டும். அதன் ஒவ்வொரு துகளுக்கும் அலுமினாவும் சிலிக்காவும் மெல்லிய கவசமாகப் போர்த்தியிருக்க வேண்டும். மதிலில் கை வைத்துத் தடவி வெள்ளை ஒட்டினால் உள்ளே என்ன நடக்கிறது என்று இப்போது ஊகிக்கலாம்.

பிளாஸ்டிக்கைப் பற்றிச் சுருக்கமாக. கறுத்த தாங்கி கறுப்பாக இருப்பது அழகுக்கல்ல. பொலித்தீனில் இரண்டு, இரண்டரை வீதம் கலந்த காபன் கரி கதிரை விழுங்கிச் சங்கிலியைக் காப்பாற்றுகிறது. வேறு நிறங்களுக்கு விலை கூடிய ஒளி நிலைப்படுத்திகள் வேண்டும். பீ.வி.சி. குழாய்க்கு முன்பு ஈய உப்பு நிலைப்படுத்தி. இப்போது கல்சியமும் நாகமும் கலந்தவை கிடைக்கின்றன, குடிநீருக்கு அவைதான் வேண்டும். நைலோன் வலை அழுகாது என்பதே அதன் வரமும் சாபமும். தொலைந்த வலை வாவியின் அடியில் வருடக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே கிடக்கும். தங்கூசி எனும் ஒற்றை இழை நைலோன் வலையைச் சட்டம் தடுப்பதில் இந்த நியாயமும் அடங்கும்.

நீரைப் பற்றிய பொறுப்பு இங்கே வருகிறது. கப்பலின் அடியில் சிப்பி ஒட்டாமலிருக்க 1960களிலிருந்து ட்ரைபியூட்டைல் ரின் என்ற வெள்ளீயச் சேர்மத்தைப் பூச்சில் கலந்தார்கள். அதுபோல வேலை செய்த பூச்சு வேறில்லை. ஆனால் பிரான்சின் ஆர்க்கஷோன் குடாவில் சிப்பி வளர்ப்புச் சரிந்தது. பெண் நத்தைகளில் ஆண் உறுப்பு முளைத்தது. 1982இல் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. உலகளாவிய ஒப்பந்தம் 2001இல் நிறைவேறி 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. மட்டக்களப்பின் பாடும் மீன் உண்மையில் ஊரிதான் என்று சொல்வோர் பலர். ஊரியும் நத்தை இனம். வாவிபோல நீரோட்டம் குறைந்த இடத்தில், படகின் அடியில் பூசுவது எதுவானாலும் இறாலுக்கும் நண்டுக்கும் ஊரிக்கும் போய்ச் சேரும். செப்பு கலந்த பூச்சும் அளவோடுதான். மண்டூர்த் தோணிகள் சிறியவை, கரையேற்றக் கூடியவை. அடியைத் தேய்த்துக் கழுவினாலே போதும்.

மூலப்பொருளாக வரும்போதே பல்பகுதியம் என்ன செய்யும் என்பதை 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் காட்டியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. மேற்குக் கரையின் மணலைச் சலித்துச் சலித்துப் பொறுக்கினார்கள்.

கொங்கிறீட்டில் படுவான்கரைக்குச் சொந்தமான ஒரு சேர்மானம் இருக்கிறது; எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். உப்பு, கொங்கிறீட்டினூடு கம்பியை அடைந்ததும் கறள் கிளம்புகிறது. கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கொங்கிறீட்டை உள்ளிருந்து பிளந்துவிடும். முதல் மருந்து தண்ணீரைக் குறைப்பது. மேசன்மார் குழைப்பு இளகுவதற்காக விடும் கூடுதல் தண்ணீர்தான் பின்னர் நுண்துளைகளாக எஞ்சுகிறது. சீமெந்தின் எடையில் ஒரு வீதமளவு பொலிகாபொக்சிலேற்று இளக்கி சேர்த்தால் தண்ணீரைப் பெருமளவு குறைத்தும் குழைப்பு ஓடும். இரண்டாவது மருந்து உமிச் சாம்பல். நூறு கிலோ நெல்லில் இருபது கிலோ உமி; அதை எரித்தால் நாலு கிலோ சாம்பல்; அதில் பத்தில் ஒன்பது பங்குவரை சிலிக்கா. 1970களில் கலிபோர்னியாவில் குமார் மேத்தா இந்தச் சாம்பலைக் கட்டுப்பாட்டோடு எரித்து, சீமெந்தில் ஒரு பகுதிக்கு ஈடாகச் சேர்த்துக் காட்டினார். அந்தச் சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து துளைகளை அடைக்கிறது, உப்பின் வழி மறிபடுகிறது. ஒரே நிபந்தனை சூடு: 500 முதல் 700 பாகைக்குள் எரிந்தால் சிலிக்கா துடிப்போடு இருக்கும், திறந்த குவியலில் கட்டுப்பாடின்றிக் கனன்றால் பளிங்காகிச் செத்துவிடும். ஆலைகளுக்குப் பின்னால் குவிந்து புகையும் உமி, நல்ல உலையில் எரிந்தால் இந்தக் கரையின் பாலத்துக்கும் வீட்டுக்கும் காப்பு.

ஆக, வேண்டியது பெரிய தொழிற்சாலை அல்ல. மண்டபத்தில் இருப்பது போன்ற ஒரு சோதனைத் தட்டு மண்டூர்த் துறையில் வேண்டும்: பூச்சுப் பூசிய இரும்புத் துண்டுகள், ரெசின் தகடுகள், உமிச் சாம்பல் கலந்த கொங்கிறீட் கட்டைகள், பாதி நீருக்குள், பாதி வெயிலில், மாரியும் கோடையும் காண. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கிறது, ஒவ்வொரு துறையிலும் மீனவர் சங்கம் இருக்கிறது. முடிவுகள் தமிழில் துண்டுப் பிரசுரமாகத் துறைக்கே திரும்பி வர வேண்டும். அதுவரை கடைக்குப் போகிறவர் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த எனாமலில் ஈயம் எவ்வளவு? இந்த ரெசின் ஒர்தோவா, ஐசோவா? இந்த ஹாட்னரை எத்தனை வீதம் கலக்க வேண்டும்? பதில் சொல்ல முடியாத கடையில் வாங்காதீர்கள்.